ஆன்ம விசாரமும் மனநலமும்: ரமணாசிரமப் பகுதி

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குத் தென்மேற்கே, செங்கம் சாலையில், மலையின் தென் அடிவாரத்தில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது ரமணாசிரமப் பகுதி. ‘நான் யார்?’ என்று மனத்தை அதன் மூலத்தை நோக்கித் திருப்பும் ஆன்ம விசாரம் இங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. மன அமைதி நாடிப் பல நாட்டினர் இங்கே வந்து தங்குகிறார்கள். விசாரம் எதுவரை, மருத்துவம் எங்கிருந்து என்ற கேள்வி அதனாலேயே இந்த இடத்தின் வரலாற்றோடு பிணைந்திருக்கிறது.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த, பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட வேங்கடராமனுக்கு 1896 ஜூலையில், மதுரையில், நோய் நொடி ஏதுமின்றித் திடீரென மரண பயம் வந்தது. அவர் அலறி ஆளைக் கூப்பிடவில்லை. பிணம்போல் படுத்து, சாவது எது என்று தனக்குள் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 16. கோயிலின் பாதாள லிங்கக் குகையில் உடல் நினைவே இல்லாமல் அமர்ந்திருந்தார். எறும்பும் பூச்சியும் அரித்துத் தொடையெல்லாம் புண்ணாகியிருந்தது. சேஷாத்ரி சுவாமிகள் காட்டிக்கொடுக்க, வேங்கடாசல முதலியார் முதலியோர் அவரை வெளியே தூக்கி வந்தார்கள்.

அந்த சேஷாத்ரி சுவாமிகளையே ஊரில் பலர் பித்தர் என்றுதான் நினைத்தார்கள். அவர் 1929 ஜனவரியில் மறைந்தார். அவருடைய சமாதி இன்று ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலேயே உள்ளது. பேசாமல், உண்ணாமல் கிடந்த சிறுவனை இந்த ஊர் கட்டிப்போடவில்லை. வாயில் சோறு ஊட்டிக் காப்பாற்றியது. மனநலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சக் குகையில் இருந்தார். வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அங்கு வந்து கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்தில் இருந்த அவர் எழுத்திலேயே விடை தந்தார். அந்த விடைகள் ‘நான் யார்?’ என்ற நூலாக 1923இல் அச்சேறின. பிற்பாடு ரமணரே அதைக் கட்டுரை வடிவில் அமைத்தார். மனம் என்பது எண்ணங்களின் தொகுதி, எல்லா எண்ணங்களுக்கும் முந்தியது ‘நான்’ என்னும் எண்ணம் என்பது அதன் அடிப்படை. மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் அது தற்காலிகமே என்கிறது அந்நூல். மித உணவையும் துணைச் சாதனமாகச் சொல்கிறது. மூளையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, இதயமே மூலம், சூரியனிடம் ஒளி பெறும் சந்திரனைப் போல மூளை இதயத்திடம் ஒளி பெறுகிறது என்று விளக்கினார். அவர் சொன்ன இதயம் மார்பின் வலப்பக்கத்தில் உணரப்படுவது. உடற்கூற்றியல் பேசும் இதயம் அல்ல. இதை உடலியல் பாடமாக வாசிப்பது பிழை.

தாயார் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தபின், அவரது சமாதியைச் சுற்றியே ஆசிரமம் உருவானது. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1931இல் வந்து சென்று எழுதிய நூல் 1934இல் வெளியாக, மேலை நாடுகள் இந்தப் பக்கம் திரும்பின. உளவியலறிஞர் கார்ல் யுங் 1938 தொடக்கத்தில் இந்தியாவில் இருந்தும் திருவண்ணாமலைக்கு வரவில்லை. ஆனாலும் ஹைன்ரிச் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதி 1944இல் வெளிவந்த நூலுக்கு யுங்கே முன்னுரை தந்தார்.

மூளை ஆய்வு இந்த வாசலுக்கு வந்தது வெகு தாமதமாக. ஒரு வேலையும் இன்றிச் சும்மா இருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இயங்குகின்றன என்பதை 2001இல் மார்கஸ் ரைக்கிள் குழுவினர் விவரித்தார்கள். தன்னைப் பற்றிய நினைவோட்டத்தோடு தொடர்புடையவை அவை. நீண்டகாலம் தியானம் செய்தவர்களிடம் அந்த இயக்கம் குறைந்திருப்பதை 2011இல் ஜட்சன் புரூவர் குழுவினர் காட்டினார்கள். ரமணரின் விசாரத்தை அவர்கள் சோதிக்கவில்லை. இது விஞ்ஞானம் அளித்த சான்றிதழ் என்று பேசுவது மிகை. தீவிர தியானத்தால் சிலருக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் கூடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

தமிழகத்தில் மனநோய் மருத்துவம் வேறொரு வழியில் வளர்ந்தது. சென்னையில் 1794இல் தொடங்கிய காப்பகத்தின் தொடர்ச்சியாக 1871இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை அமைந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இருந்தும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

ரமணர் தம் இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு 1949இல் நான்கு முறை அறுவை சிகிச்சைக்கு இசைந்தார்; 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். மருத்துவரை அவர் விலக்கவில்லை. மனம் நோயுற்றவருக்கும் அதுவே வழி. மரியாதையோடு சோறும் இடமும் தருவதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு மலையடிவாரத்தில் வந்து உட்காரச் சொல்லக் கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் உறங்காமல், உண்ணாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.