போத்தல் விளக்கும் பங்கரும்

எம்.ரெட்டியபட்டியில் இருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் பக்கம் போனால் குல்லூர்சந்தை வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மல்லாங்கிணறிலும் ஒன்று உண்டு. கருவேலங்காட்டு வெயிலில் கடலோர மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டால், ஆண்கள் வருடங்களைச் சொல்வார்கள். 1983 ஜூலைக் கலவரம், 1987 அமைதிப்படை, 1990 மறுபடி போர், 2009 மே மாதம் முடிவு. பெண்களின் நினைவுகள் பெரும்பாலும் அடுப்பில் இருந்துதான் தொடங்கும்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பேட்டரி, சோப் எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. சின்னப் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரி வைத்த விளக்கில்தான் சமையல், அதே வெளிச்சத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு. துணி துவைக்கப் பனம்பழம்! சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள்.

வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார்கள். மழை பெய்தால் உள்ளே தண்ணீர், பாம்பு. குண்டுக்குப் பயந்து இறங்குவதா, பாம்புக்குப் பயந்து மேலேயே இருப்பதா என்று அம்மாக்கள் தவித்தார்கள். சிறுவர்களோ சத்தத்தை வைத்தே ஹெலியா பொம்மரா என்று சொல்லிவிடுவார்கள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி. இதை எந்த ராணுவ வரலாற்றில் தேடுவது?

1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே காலியானது. மழையில் லட்சக்கணக்கானவர்கள் நாவற்குழிப் பாலம் நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் சேர்த்துக் குடித்ததைப் பலர் நினைவுகூர்கிறார்கள்.

இப்படிப்பட்ட வாய்மொழிகளை முன்பே எழுதி வைத்தவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவர். 1987 அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையின்போது வீடுகளுக்குள் பெண்களுக்கு நேர்ந்ததை, பாலியல் வன்முறை உட்பட, அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தார். நம் நாட்டு ராணுவம் பற்றியது என்பதால் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கசக்கும். ஆனாலும் படிக்கத்தான் வேண்டும். அவர் இந்திய ராணுவத்தை மட்டும் குறை சொல்லவில்லை, இயக்கங்களையும் கேள்வி கேட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். சக ஆசிரியர்கள் மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் வெளிவந்தது.