அவ்வா கதையில் வராத குதிரைகள்

எங்க அவ்வாவுக்கு ஒரே ஒரு வரலாறுதான் தெரியும். வடக்கே ஒரு துலுக்க ராசா நம்ம வீட்டுப் பொண்ணைக் கேட்டான். கொடுக்க மனசில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். பின்னால் குதிரைச் சத்தம், முன்னால் ஆற்று வெள்ளம். அக்கரைப் புங்கமரம் வளைந்து கொடுத்தது. அதைப் பிடித்துக் கடந்தவர்கள்தான் நாங்கள். "அதான்யா, புங்கமரத்தக் கண்டா கும்பிடணும்" என்று முடிப்பாள்.

கோவில்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசும் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்திலும் வருகிறது. போன வருஷம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்தது. அதில் புங்கமரம் இல்லை. ராசாவும் பொண்ணும் மட்டும். கீழே ஒரு சித்தப்பா, "இவனுங்க எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அந்த 'இவனுங்க' யார் என்று அன்றைக்குத்தான் தேடத் தொடங்கினேன்.

1311-இல் மதுரைக்கு வந்த டெல்லிப் படையின் தளபதி மாலிக் காபூர். குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தில் 1299-இல் பிடிபட்ட அடிமை, பிறப்பால் இந்து. அடிமை எப்படித் தளபதி ஆனான்? அன்றைய இஸ்லாமிய உலகில் அது அதிசயமே இல்லை. ஊரும் உறவும் இல்லாதவன் எசமானுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பான் என்று நம்பி, அடிமைச் சிறுவர்களை வாங்கிக் குதிரைப்போர் பழக்கினார்கள். ஆனால் குதிரையும் வாளும் யார் கையிலோ, அரசும் கடைசியில் அவன் கைக்கே போனது. 1206-இல் டெல்லியில் ஐபக் என்ற அடிமை ஆட்சிக்கு வந்தார். 1250-இல் எகிப்தில் மம்லூக்குகள் தங்கள் எசமானர் வம்சத்தையே ஒழித்துவிட்டு அரியணை ஏறினார்கள்.

நம்ம பாண்டியர்களும் இந்த ஆட்டத்தில் இருந்தவர்கள்தான். பாரசீக வளைகுடாவிலிருந்து காயல் துறைமுகத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்தன. ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் காசு உண்டு என்கிறார் வஸ்ஸாஃப். அந்த வணிகத்தைக் கவனித்த தகியுத்தீன், பாண்டியனின் முஸ்லிம் அமைச்சர். வாங்கிய குதிரைகளைப் பராமரிக்கத் தெரியாமல் வருஷத்துக்குள் சாகடித்துவிடுகிறார்கள் என்று மார்க்கோ போலோ எழுதினார். காயலிலிருந்து மதுரைக்கு நேர்கோடு போட்டால் அது எங்கள் கரிசல் வழியாகத்தான் போகும். பாண்டியர்கள் குதிரையை வாங்கினார்கள். குதிரை வீரனை உருவாக்கும் ஏற்பாட்டை வாங்கவில்லை. போதாததற்கு, காபூர் வந்த நேரம் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1330-களில், டெல்லி நியமித்த மதுரை ஆளுநர் அஹ்சன் கான், "டெல்லி ரொம்பத் தூரம்" என்பதுபோலத் தானே சுல்தான் ஆனார். டெல்லியும் முஸ்லிம் அரசு, மதுரையும் முஸ்லிம் அரசு. அஹ்சன் கானுக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் அம்பில் செத்தார், ஒருவர் சொந்த ஆட்களால் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கியாசுத்தீன் தம்கானி, ஹொய்சாள மன்னர் மூன்றாம் வல்லாளனைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். இதை எழுதிய இப்னு பதூதா, அஹ்சன் கானின் மருமகன். வல்லாளனின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் அவரே சொல்கிறார். சித்தப்பாவின் 'இவனுங்க' இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

பிறகு விஜயநகரத்தின் குமார கம்பணன் வந்தார். 1370-களோடு மதுரை சுல்தானகம் முடிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி, 72 பாளையங்கள். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் தெலுங்கு பேசும் பாளையக்காரர்களிடம் இருந்தன. அதாவது நாங்கள் வடக்கிலிருந்து ஓடி மட்டும் வரவில்லை, படையோடும் வந்தோம். காவல் வரி வாங்கினோம். அவ்வா கதையில் ஓட்டம் இருக்கிறது, வருகை இல்லை.

அவள் பொய் சொன்னாள் என்று சொல்லமாட்டேன். பயந்து ஓடிய ஒரு பொண்ணு எங்கேயோ நிச்சயம் இருந்திருப்பாள். ஆனால் நாங்கள் வருவதற்கு முன்பே இந்தக் கரிசலில் கம்பு விதைத்துக்கொண்டிருந்த வீடுகளிலும் பாட்டிகள் இருந்திருப்பார்களே. அவர்களுக்குக் கேட்ட குதிரைச் சத்தம் எங்களுடையது.

இதை அப்படியே குழுவில் போட்டேன். சித்தப்பா பதில் போடவில்லை. அத்தை மட்டும் கேட்டாள்: "அப்ப புங்கமரம்?"

"அது நெசந்தான் அத்தை" என்று எழுதினேன்.