வரி மறுப்பும் பெண்கள் வாக்குரிமையும்

வரி மறுப்பு என்பது, வாக்குரிமை தராத அரசுக்கு வரி செலுத்த மறுத்து, அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்ளும் அறப்போர் முறை. பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் இது பிரிட்டனில் ஓங்கி நடந்தது. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்திலோ வரி செலுத்துவதே வாக்குக்கு வழியாக இருந்தது.

பிரிட்டனில்: 1906இல் டோரா மான்டிஃபியோரி, லண்டன் ஹாமர்ஸ்மித்தில் தம் வீட்டை அடைத்துக்கொண்டு, ஜப்தி செய்ய வந்தவர்களை ஆறு வாரம் வெளியிலேயே நிறுத்தினார். 1909இல் பெண்கள் வரி மறுப்புக் கழகம் தோன்றியது. ‘ஓட்டு இல்லையேல் வரி இல்லை’ என்பது அதன் முழக்கம். ஜப்தியான பொருள்கள் ஏலத்துக்கு வந்தால், ஏலக்கூடமே பெண்களின் பொதுக்கூட்டமாகிவிடும்.

இதில் முன்னின்ற இந்தியப் பெண், சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா. நாய்கள், வண்டி, வேலையாள் ஆகியவற்றுக்கான உரிமக் கட்டணத்தைச் செலுத்தாததால் 1911இல் அவருக்கு 3 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் கட்ட மறுத்தார். ஏழு வைரம் பதித்த அவருடைய மோதிரம் ஏலத்துக்குப் போனது. இயக்கத் தோழி ஒருவர் அதை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் கழகம் போராட்டத்தை நிறுத்தியது. 1918இல் சொத்துத் தகுதியுள்ள, முப்பது வயது நிறைந்த பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்கு இணையாக எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது.

சென்னையில்: பிரிட்டனில் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ், 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவர். அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டனின் இந்தியத் துறை அமைச்சர் மான்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் அதை வழங்கியது. ஆனால் சொத்துத் தகுதி நீங்கவில்லை.

திருவிதாங்கூரில்: 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை திருவனந்தபுரத்தில் கூடியது. நிலக்கரம் (நிலவரி) செலுத்துவோரையும் வணிகரையும் முதன்மையாகக் கொண்ட சபை அது. 1920களின் தொடக்கத்தில் பெண்களும் வாக்காளராயினர். அந்தப் பத்தாண்டிலேயே மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். ஆயினும் பெரும்பாலும் தன் பெயரில் நிலம் இருந்து கரம் தீர்த்தவளுக்கே வாக்கு. கரம் கட்ட மறுத்தால் வாக்குத் தகுதியே கேள்விக்குள்ளாகும் இடத்தில், லண்டன் பெண்களின் ஆயுதம் பயன்படாது. நிலமற்ற பெண்ணுக்கோ மறுப்பதற்கு நிலக்கரமும் இல்லை, பெரும்பாலும் அளிப்பதற்கு வாக்கும் இல்லை. இந்த அநீதி ஆண்களையும் விடவில்லை: கரத்தைச் சார்ந்த வாக்குரிமையால் சட்டசபையில் தங்களுக்குரிய இடங்கள் கிடைக்காது என்று ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் 1932இல் தேர்தலைப் புறக்கணிக்கும் நிவர்த்தனப் போராட்டத்தில் இறங்கினர்.

திருவிதாங்கூரின் சேர்த்தலையில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மீது விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முலைக்கரத்தை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்து வைத்ததாகச் சொல்லப்படும் நங்ஙேலியின் கதை செவிவழியாக வருவது. அது வாக்குக்காக எழுந்ததன்று, மானத்துக்காக எழுந்தது.

வரிக்கும் வாக்குக்கும் போட்டிருந்த முடிச்சைத் திருவிதாங்கூரில் 1948ஆம் ஆண்டுத் தேர்தல் அவிழ்த்தது. கரம் தீர்த்த ரசீது இல்லாதவரும், வயது வந்தவர் என்ற ஒரே தகுதியில் வாக்களித்தனர். அந்தத் தேர்தலில் வென்றவர்களில் ஒருவரான ஆனி மஸ்கரீன், நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரத்திலிருந்து சுயேச்சையாக வென்று மக்களவைக்குச் சென்றார்.