துளையிட்டதும் பங்கு ஏறுவது ஏன்? தங்கக் கம்பனிகளின் சிறு வரலாறு



தங்கம் விலையேறியதிலிருந்து நம் வட்ஸ்அப் குழுக்களில் வெளிநாட்டுத் தங்க ஆய்வுக் கம்பனிகளின் பங்குகள் பற்றிய தகவல்கள் சுற்றுகின்றன. "துளையிட்டார்கள், தங்கம் கிடைத்தது, பங்கு இரு மடங்காகும்" என்பதே அவற்றின் சாரம். இது புதிய கதையல்ல. நம் அயலிலேயே ஒருமுறை நடந்ததுதான்.

1879, 1880 காலப்பகுதி. இலைநோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. வயநாட்டுப் பகுதியிலும் கோப்பி நொடிந்திருந்தது. அவ்வேளை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் புரோ ஸ்மித், இன்றைய நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருப்பதாக அறிக்கை எழுதினார். இலண்டனில் தென்னிந்தியத் தங்கத்துக்காக ஏறத்தாழ 40 கம்பனிகள் முளைத்தன. அறிவித்த முதல் சுமார் 50 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண். நட்டத்தில் கிடந்த கோப்பித் தோட்டங்கள் தங்க நிலமென்று பெரும் விலைக்குப் போயின. ஆனால் கல்லை ஆலையில் அரைத்தபோது வந்த தங்கம் செலவுக்கே போதவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலான கம்பனிகள் மறைந்தன. மேற்பரப்பில் எடுத்த சில மாதிரிகள் முழு மலைக்கும் சாட்சியாகாது.

அதே அலையில் 1880இல் தொடங்கிய மைசூர் கம்பனியும் கோலாரில் பணம் கரைந்து மூடும் நிலைக்கு வந்தது. மீதிப் பணத்தில் பழைய குழிகளுக்குக் கீழே ஆழமாகத் தோண்டியபோதுதான் 'சம்பியன்' எனப் பெயர்பெற்ற தங்கப் படை அகப்பட்டது. பல்லாயிரம் தமிழர் உழைத்த அந்த வயல் 2001இல் மூடப்படும்வரை 800 தொன்னுக்கு மேல் தங்கம் தந்தது. ஆக, ஆழத்தில் கிடைக்கும் பெறுபேறு ஒரு கம்பனியை வாழவும் வைக்கும், வீழ்த்தவும் செய்யும்.

சுரங்கமே இல்லாத சிறு கம்பனிக்கு வருமானம் இல்லை. அதனிடம் இருப்பது செய்தி மட்டும். அதனால்தான் ஒவ்வொரு துளையிடல் பெறுபேற்றுக்கும் பங்கு ஆடுகிறது. இரு துளைகளுக்கு இடையில் இருப்பதோ வெறும் கணிப்பு.

செய்தியே பொய்யானால்? கனடாவின் பிரீ-எக்ஸ் கம்பனி, இந்தோனேசியாவின் பூசாங்கில் மாபெரும் தங்கப் படிவம் இருப்பதாகச் சொன்னது. அதன் பங்குகளின் மொத்தப் பெறுமதி சுமார் 600 கோடி கனேடிய டொலர் வரை போனது. 1997 மார்ச்சில் ஃபிரீபோர்ட் நிறுவனம் அதே இடத்தில் தானே துளையிட்டது. சொல்லத்தக்க தங்கம் இல்லை. அரைத்த கல் மாதிரிகளில் வெளியிலிருந்து பொன்துகள் கலக்கப்பட்டிருந்தது. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிக்கு மட்டும் சுமார் 10 கோடி கனேடிய டொலர் நட்டம். நிபுணர்களை வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி!

எனவே கேட்போம்: எத்தனை துளைகள்? எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு ஆழத்தில்? சோதித்தது யார்? மறுசோதனைக்குக் கல்லின் பாதி பத்திரமாக உள்ளதா? கையிருப்பு எத்தனை மாதத்துக்குப் போதும்? புதுப் பங்கு வெளியிட்டால் நம் பங்கின் பெறுமதி என்னவாகும்?

பிடிபடாத மீனை விற்பதைக் கரர் என்று மார்க்கம் தடுத்திருக்கிறது. இத்தகைய பங்கு அந்த எல்லைக்குள் வருமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவோம். பிள்ளையின் படிப்புக்கும் மகளின் கலியாணத்துக்கும் சேர்த்த காசை மட்டும் எவருடைய துளைக்குள்ளும் போடாதிருப்போம்.