புண்ணாற்றும் மஞ்சளும் எழுத்துச் சான்றும்

மானாம்பதி அடங்கிய உத்திரமேரூர் வட்டாரத்தின் வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழர் (1063-1070) காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் மட்டுமன்றி, மூலிகை கொணர்வோருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. அந்தலூசியாவில் அறுவை மருத்துவத்தை நூலாக்கிய அஸ்ஸஹ்ராவி மறைந்து (1013) அரை நூற்றாண்டு கழிந்த காலம் அது.

மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமை, பழைய நூற்சான்றுகளைக் காட்டி இந்தியா எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டது. நீரில் எளிதிற் கரையாத குர்குமினை நானோ துகள்களாக்கிப் புண்கட்டில் சேர்க்கும் ஆய்வுகள் இன்று நடைபெறுகின்றன. துகளாக்கும் முறையே புதிது. மஞ்சளின் குணமறிந்தோர் நம் முன்னோர். ஆயினும், எழுதிவைக்கப்படாத நாட்டு மருத்துவ அறிவுக்கு அத்தகைய காவல் கிட்டுவதரிது.