காவலும் உரிமையும்

மாணவ நண்பர்களே, கோவலன் கொலையுண்ட கதையை நீங்கள் அனைவரும் பாடநூலில் படித்திருப்பீர்கள். பொற்கொல்லன் ஒருவன் குற்றம் சாட்டினான், சிலம்பு கோவலன் கையில் இருந்தது, வாள் வீழ்ந்தது. 'இச்சிலம்பு உனக்கு எவ்வாறு கிடைத்தது?' என்ற கேள்வியை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருப்பின் மதுரை எரிந்திராது.

குற்றவாளியைக் கண்டுபிடித்தல் அரசின் கடமை. குற்றமற்றவனைக் காத்தலும் அதே அரசின் கடமைதான். முதற் கடமைக்குப் போலீசாரிடம் அதிகாரம் இருத்தல் வேண்டும். இரண்டாவதற்கு அவ்வதிகாரத்திற்கு எல்லை இருத்தல் வேண்டும். இந்த எல்லை எங்கே, எவ்வாறு வகுக்கப்பட்டது? இந்திய நாட்டின் குற்றவியல் நடைமுறையில் அதற்குரிய விடையின் ஒரு முக்கியமான பகுதி சென்னை நகரிலே எழுதப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் சென்னை இராஜதானியின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை நடைபெற்று வந்தது. 1816-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலெக்டரே மாஜிஸ்ட்ரேட்டாகவும் விளங்கினார். அவருக்குக் கீழே வரி வசூலித்த தாசில்தாரே தம் தாலுகாவின் போலீஸ் தலைவராகவும் இருந்தார். கிராமத்திலோ மணியக்காரரும் தலையாரியும் அவருடைய கைகளாக இயங்கினர். வரியைக் கேட்பவர், வரி கொடாதவனைப் பிடிப்பவர், பிடிபட்டவனை விசாரிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே என்றால், பிடிபட்டவன் யாரிடம் சென்று முறையிடுவான்? கலெக்டருக்கு மனு எழுதினாலும், அம்மனு பெரும்பாலும் விசாரணைக்காக அதே தாசில்தாரிடமே திரும்பி வந்தது!

இக்குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் கசுலு லட்சுமிநரசு செட்டியார். 'கிரசண்ட்' என்னும் பத்திரிகையை நடத்திய அவர், 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவி, மக்களின் குறைகளைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டிற்கு விண்ணப்பமாக அனுப்பச் செய்தார். 1853-இல் டான்பி சீமோர் என்ற பார்லிமெண்டு உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது, அவரை உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்று நிலைமையைக் காட்டினார். மறு ஆண்டு ஜூலை மாதத்தில் பார்லிமெண்டில் இப்பேச்சு எழுந்தது: 'சென்னை இராஜதானியில் வரி வசூலிப்பதற்காக மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள்.'

மறுப்பும் வாதமும் எழுந்த பின்னர் விசாரணைக்கு உத்தரவு பிறந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட குழு 1854-இல் சென்னையில் அமர்ந்தது. முறையீடுகளைக் கேட்பதற்குக் கிடைத்த காலம் மூன்று மாதமே. அக்காலத்தில் சென்னை இராஜதானியில் பயணிகள் இரயில் இல்லை. எழுத்தறிந்தவர் மிகச் சிலர். இருந்தும் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். அவர்களுள் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்களும் உண்டு. 1,440 முறையீடுகள் கடிதமாக வந்து சேர்ந்தன. ஆக, மொத்தம் 1,959. இவ்வெண்ணைச் சற்று நினைத்துப் பாருங்கள். தம் ஊர் தாசில்தாருக்கு எதிராக வாய் திறந்தால் திரும்பிச் சென்றபின் என்ன நேரும் என்பதை அறிந்தே அம்மக்கள் வந்தார்கள்.

குழுவின் அறிக்கை 1855 ஏப்ரலில் எழுதி முடிக்கப்பெற்றது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் சித்திரவதை வழக்கமாக நடந்து வந்தது என்று அது ஐயமின்றிக் கூறிற்று. அதில் நம் தமிழ்ச் சொற்கள் இரண்டு அடிக்கடி வருகின்றன. ஒன்று கிட்டி: ஒரு முனையில் பிணைக்கப்பட்ட இரு கோல்களுக்கிடையே கைவிரல்களை வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள்: உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி, அசைய முடியாமல் வெயிலில் நிறுத்துவது.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அண்ணாந்தாள் நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் வழங்கிய தண்டனைதான். அது என் காலத்தில் இல்லை, பிரம்பு இருந்தது. பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் வகுப்பில் ஒரு மாணவனின் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற் போயிற்று. ஓர் ஏழைச் சிறுவன்மேல் அனைவரும் ஐயுற்றனர், நானும் ஐயுற்றேன். 'உண்மையைச் சொல்' என்று கூறி அடித்தேன். நான்காவது அடியில் அவன், 'நான்தான் எடுத்தேன், ஐயா' என்றான். பணம் எங்கே என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் அப்பணம், உரியவனுடைய கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள்ளேயே இருந்தது. அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவன் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. அடியின்கீழ் பிறக்கும் ஒப்புதல், அடி வலித்தது என்பதற்கு மட்டுமே சாட்சி என்பதை நான் எந்தச் சட்ட நூலிலும் முதலில் கற்கவில்லை. அவன் முகத்திலே கற்றேன்.

வரலாற்றிற்குத் திரும்புவோம். 1855-ஆம் ஆண்டு அறிக்கையை நாம் கருத்தூன்றியே படிக்க வேண்டும். கொடுமைக்கு உள்நாட்டுச் சிப்பந்திகளே காரணம் என்றும், ஆங்கில அதிகாரிகள் குற்றமற்றவர்கள் என்றும் அது தீர்ப்பளித்தது. ஆனால் கட்ட இயலாத வரியை விதித்தவர் யார்? வசூலை மட்டும் எண்ணிப் பார்த்து, வசூலித்த வழியை எண்ணிப் பாராமல் இருந்தவர் யார்? இவ்வினாக்கள் அப்போதே எழுந்தன. 1857 செப்டம்பரில் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இவ்வறிக்கையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

எனினும் அறிக்கை வீண்போகவில்லை. வரி வசூலையும் போலீசையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1859-இல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் பிறந்தது. அதையொட்டி 1861-இல் இந்தியப் போலீஸ் சட்டமும், அதே ஆண்டில் முதற் குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பும் வந்தன.

அத்தொகுப்பு எல்லையை எவ்வாறு வகுத்தது என்பதைக் கவனியுங்கள். கடுங்குற்றங்களில் வாரண்டு இல்லாமலே கைது செய்யும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. புலனாய்வு நடத்தும் பொறுப்பையும் கொடுத்தது. ஆனால் மூன்று கதவுகளை அடைத்தது. முதலாவது, பயணத்திற்கு ஆகும் நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்கு மேல் எவரையும் தம் விருப்பப்படி காவலில் வைத்தல் கூடாது. அதற்குமேல் வைப்பதாயின் மாஜிஸ்ட்ரேட்டின் ஆணை வேண்டும். இரண்டாவது, போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. மூன்றாவது, போலீஸ் காவலில் இருப்பவன் வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்ட்ரேட்டின் முன்னிலையில் சொன்னாலன்றி அது செல்லாது. போலீசின் மேல் கொண்ட பகையினால் வந்த விதிகள் அல்ல இவை. அடித்துப் பெற்ற ஒப்புதலால் பயன் இல்லையாயின், அடிப்பதற்கே காரணம் இராது என்பது சட்டம் வகுத்தோரின் எண்ணம்.

1872-இல் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த சாட்சியச் சட்டத்தில் ஒப்புதல் பற்றிய விதிகள் 25, 26-ஆம் பிரிவுகளாக இடம்பெற்றன. அவற்றை அடுத்த 27-ஆம் பிரிவோ, அடைத்த கதவில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்துவைத்தது. காவலில் உள்ளவன் சொன்ன செய்தியால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்கு நேரான பகுதியை மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாம் என்பதே அது. குண்டூர்ப் பகுதியிலிருந்து சென்ற கோட்டய்யா வழக்கில், இந்தியா விடுதலை பெறுவதற்குச் சற்றுமுன், இலண்டன் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கிற்று. 'ஈட்டியை வைக்கோற்போரில் ஒளித்தேன்' என்றால், ஈட்டி அங்கே கிடைத்தபின் அச்சொல் செல்லும். 'அதனால் குத்தினேன்' என்ற சொல் செல்லாது. போலீசின் தேவைக்கும் தனிமனிதன் பாதுகாப்புக்கும் இடையே நிறுத்தப்பட்ட துலாக்கோல் இது. ஆயினும் அச்சாளரத்தின் வழியே பழைய கொடுமை மீண்டும் நுழைந்துவிடக் கூடும் என்ற அச்சம் நீதிமன்றங்களுக்கு இன்றும் உண்டு.

விடுதலைக்குப்பின் இவ்விதிகள் வெறும் சட்டப்பிரிவுகளாக இராமல் உரிமைகளாக உயர்ந்தன. குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்று அரசியலமைப்பின் 20-ஆம் விதி கூறுகிறது. கைதுக்குரிய காரணத்தை அறியும் உரிமை, வழக்கறிஞரை அணுகும் உரிமை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிறுத்தப்படும் உரிமை ஆகியன 22-ஆம் விதியில் உள்ளன. 1949 செப்டம்பரில் இவ்விதியை அரசியலமைப்பு மன்றத்தில் முன்மொழிந்தவர் டாக்டர் அம்பேத்கர். அதே விதியில் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைப்பதற்கும் இடம் இருப்பதை மறைத்தல் ஆகாது. துலாக்கோல் ஒரு பக்கமே சாய்ந்து நின்றதாக ஒருபோதும் வரலாறு இல்லை.

எழுதப்பட்ட உரிமை தானே நடைமுறை ஆகிவிடுமா? 1986-இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் டி. கே. பாசு, காவல்நிலைய மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டி உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றுக்கொண்டது. 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளைப் பிறப்பித்தது. கைது செய்பவர் பெயர்ச்சீட்டு அணிந்திருத்தல் வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரின் மதிக்கத்தக்கவர் ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இடுதல் வேண்டும். உறவினருக்குச் செய்தி தெரிவித்தல் வேண்டும். 48 மணிக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதித்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 2024 ஜூலை முதல் நாள் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பெயரும் பிரிவு எண்ணும் மாறின; 24 மணி நேர விதியும், போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதியும் மாறவில்லை.

இவ்வளவு இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்த செய்தி நாட்டை உலுக்கிற்று. அப்படியாயின் விதிகளால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம்.

போலீசார் தரப்பையும் கேட்பது முறை. ஆட்கள் குறைவு, வேலை மிகுதி, சாட்சி சொல்ல முன்வருவோர் அரியர், 'இன்னும் பிடிக்கவில்லையா?' என்ற ஊராரின் கூச்சலோ ஓய்வதில்லை. அக்கூச்சலில் நம் குரலும் உண்டு அல்லவா? திருடன் என ஐயுற்ற ஒருவன் அடிக்கப்படும்போது 'நன்றாக வேண்டும்' என்று சொல்லும் ஊர், கிட்டியின் ஒரு கோலைத் தானும் பிடித்திருக்கிறது. போலீசாருக்கு நல்ல பயிற்சியும் கருவிகளும் ஆட்களும் கொடுக்க வேண்டியது நம் கடமை. ஆனால் அவை இல்லாமையைப் பிரம்பால் நிரப்பிக்கொள்ள இடங்கொடுத்தல் ஆகாது.

விதிகள் தாமாக இயங்குவதில்லை. 24 மணி நேரம் என்பதை எண்ணிப் பார்க்க ஒரு மாஜிஸ்ட்ரேட் வேண்டும். கைதுக் குறிப்பில் கையொப்பமிட ஓர் அயலார் வேண்டும். குறை கண்டவிடத்து எழுத ஒருவர் வேண்டும். 1854-இல் 1,440 கடிதங்கள் சென்றன. 1986-இல் ஒரு கடிதம் சென்றது. அவற்றை எழுதியவர்களிடம் அதிகாரம் ஏதும் இல்லை.

வள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, இரண்டையும் அடுத்தடுத்தே வைத்தார். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஓர் ஏட்டின் அளவே என்பதை, என் வகுப்பிலிருந்து போய்விட்ட அச்சிறுவனை நினைக்கும்போதெல்லாம் நான் உணர்கிறேன்.