கசகசாப் பாலும் உடலின் பூட்டும்

குருமாவுக்கு அரைக்கும் கசகசா நம் வீட்டு அடுப்படிகளில் இருக்கும். அந்தச் சிறு விதையைத் தரும் செடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பூ உதிர்ந்தபின் நிற்கும் பச்சைக் காயைப் பிற்பகலில் கத்தியால் கீறிவிடுவார்கள். கீறிய இடத்தில் பால் கசியும். மறுநாள் காலையில் அது பழுப்பாகத் திரண்டிருக்கும், அதை வழித்தெடுப்பார்கள். ரப்பர் மரம் சீவிப் பழகிய நம் மக்களுக்கு இந்த வேலையின் முறை எளிதில் விளங்கும். அந்தக் காய்ப்பால்தான் அபின்.

இதை இன்று ஏன் பேசுகிறேன்? புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐயோ, அது அபினாமே! பழகிப் போய்விடும், இல்லையென்றால் சீக்கிரம் ஆளைக் கொண்டுபோய்விடும்" என்று சொல்லி, வீட்டார் மருந்துப் புட்டியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பாட்டி இரவெல்லாம் முனகுகிறார். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அதில் உண்மை எவ்வளவு?

அச்சத்திற்குக் காரணம் உண்டு. கங்கைக் கரையிலுள்ள காஜிப்பூரில் 1820-இல் ஆங்கிலேயக் கம்பெனி அபின் தொழிற்சாலை நிறுவியது. பீகார், காசிப் பகுதி உழவர்கள் விளைத்த அபின் கல்கத்தாவில் ஏலம் போய், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் கப்பலேறியது. இங்கே அதைக் காய்ச்சிச் 'சண்டு' ஆக்கினார்கள். ஈயச் சுரங்கங்களில் இடுப்பளவு நீரில் நின்று உழைத்த சீனத் தொழிலாளர்கள், உடல் நோவு தீர அதைப் புகைத்தார்கள். விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. சிலாங்கூரில் லோக் இயூ போன்ற செல்வந்தர்கள் அத்தகைய வரிக் குத்தகைகளை எடுத்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. 1910-இல் அங்கே அரசே அந்த வணிகத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. அபின் புகைத்தலை ஒழிப்போம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது 1943-இல்தான். நம் தோட்டங்களில் கள்ளுக்கடை செய்த வேலையைச் சுரங்கங்களில் அபின் செய்தது. உழைப்பவனின் வலி பிறருக்கு வருமானமாயிற்று.

அதே அபின் மருந்தாகவும் வளர்ந்தது. ஜெர்மனியில் பாடர்போர்ன் நகர மருந்துக் கடையில் உதவியாளராக இருந்த செர்ட்யூர்னர் என்ற இளைஞர், 1805-ஆம் ஆண்டை ஒட்டி, அபினிலிருந்து வலியடக்கும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். மார்ஃபியஸ் என்ற கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் மருந்தை அளந்து கொடுக்க வழி பிறந்தது.

ஆனால், ஒரு செடியின் பால் மனிதனின் வலியை எப்படி அடக்குகிறது? இதற்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1973-இல் அமெரிக்காவில் ஸ்னைடரும் கேண்டஸ் பெர்ட் அம்மையாரும், நியூயார்க்கில் சைமனும், சுவீடனில் டெரீனியஸும் தனித்தனியே ஆராய்ந்து, மூளை நரம்புகளில் மார்ஃபின் போய்ப் பொருந்தும் இடங்கள் இருப்பதை மெய்ப்பித்தனர். அவற்றைப் பூட்டுகள் என்று கொள்வோம். கசகசாச் செடிக்காகவா இயற்கை நம் தலைக்குள் பூட்டு வைத்தது? இராது. உடலுக்குள்ளேயே சாவி இருக்க வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றிகளின் மூளையிலிருந்து அந்தச் சாவியைக் கண்டெடுத்தனர். அதற்கு என்கெஃபலின் என்று பெயர். இத்தகைய பொருள்களைப் பொதுவாக எண்டார்ஃபின், அதாவது 'உள்ளே பிறக்கும் மார்ஃபின்' என்பார்கள்.

இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். தோட்டத்து வாசலில் தடுப்புக் கட்டையுடன் ஜாகா நிற்கிறார். அவர் விட்டால்தான் வண்டி ஆபீசுக்குப் போகும். காலில் வெட்டுப்பட்டால், வலிச் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கு வருகிறது. அங்கேதான் வாசல். அவசர வேளையில் மூளை கீழே உத்தரவு அனுப்புகிறது. உடனே என்கெஃபலின் சுரந்து பூட்டில் பொருந்துகிறது. செய்தி கொண்டுவரும் நரம்பு தன் இரசாயனத்தைக் குறைவாக விடுகிறது. வாங்கும் நரம்பும் அடங்குகிறது. காயம் இருக்கிறது, செய்திதான் குறைந்துபோகிறது. குலை வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவர், வேலை முடித்து வீடு திரும்பியபின் வலியை உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் புற்றுநோயின் வலி இரவு பகலாக வருவது. உடலின் சொந்தச் சாவிகள் அதற்குப் போதா. அப்போது வெளியிலிருந்து வரும் சாவியே மார்ஃபின்.

அதே பூட்டுகள் மூச்சை நடத்தும் பகுதியிலும், இன்ப உணர்வுக்குரிய பகுதியிலும், குடலிலும் உள்ளன. ஆகவே அளவு மீறினால் மூச்சு நிற்கும். கண்டபடி புகைத்தால் அடிமையாக்கும். மருந்தாக எடுத்தாலும் மலச்சிக்கல் வரும். சிறிய அளவில் தொடங்கி, வலிக்கேற்ப மருத்துவர் கூட்டிக் கொடுக்கும்போது, புற்றுநோயாளி அடிமையாவது அரிது. சாவும் அதனால் விரைவதில்லை.

அச்சம் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சான்று. மருந்துக்கான அபினை விளைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பிய அந்நாட்டில், 1985-இல் வந்த கடுமையான போதைப்பொருள் சட்டத்திற்குப் பின், மருத்துவமனைகளுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிக்கும் சங்கம் தொடங்கி, ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள். சட்டம் திருத்தப்பட்டது 2014-இல்தான். நம் நாட்டிலும் 1991-இல் கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா தோன்றி, வீட்டுக்கே சென்று நோயாளிகளைக் கவனித்து வந்திருக்கிறது.

ஆகவே நேயர்களே, அந்தப் புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நீங்களாக அளவைக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். ஆனால் மருத்துவர் குறித்த நேரத்தில், குறித்த அளவைப் பாட்டிக்குக் கொடுங்கள். அந்நாளில் உழைப்பவனின் வலியைக் காசாக்கியவர்களின் பாவத்துக்கு, இன்று நம் பாட்டி ஏன் வலி தாங்க வேண்டும்?